ஓரகத்தியின் முகம்

ஜெசிந்தாவின் பொறாமை நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட குணம் இல்லை. ஆஸ்டின் டவுனில் சின்னப் பெண்ணாக அவள் புதுநன்மை வாங்கிய அன்றே, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்கிய அன்றே, அது ஊருக்குத் தெரிந்துவிட்டது என்று அவள் அம்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் வெள்ளைக் கவுனில் முத்து வைத்துத் தைத்திருந்தார்களாம். இவளுடையதில் வெறும் லேஸ். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் இவள் கண் அந்த முத்துகள் மேலேயே இருந்ததாம். சாமியார் தொண்டையைச் செருமிய பிறகுதான் நாக்கை நீட்டினாளாம்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. லிங்கராஜபுரத்தில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் உட்கார்ந்து நான் ஜாக்கெட் தைக்கிறேன். என்னிடம் அளவு கொடுக்க வருகிற பெண்களில் பொறாமை இல்லாதவள் ஒருத்தியைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. 'அவங்களுக்குத் தைச்ச மாதிரியே' என்பார்கள், குரலை இறக்கி 'அதைவிடக் கொஞ்சம் நல்லா' என்பார்கள். மற்றவர்கள் மறைக்கிறார்கள், ஜெசிந்தாவுக்கு மறைக்கத் தெரியாது. அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதிக்கோங்க ராதாக்கா, தெரு பேரு மட்டும் வேணாம்" என்றாள். அதோடு சரி.

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். கீழே மூத்தவள் ஜெசிந்தா, அவள் கணவன் அமல், பிள்ளைகள், மாமியார், கல்யாணத்துக்கு நின்ற நாத்தனார் டெல்பினா. அமல் ஏசி மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே 'ஜெசி' என்று கூப்பிட்டுக்கொண்டேதான் உள்ளே போவான். தெருவுக்கே கேட்கும். மாடியில் இளையவன் தியோடர், அவன் மனைவி வீணா, ஒரு பெண் குழந்தை. தியோடருக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக ராத்திரி ஷிப்ட். தெரு எழுந்து வாசல் தெளிக்கும்போது அவன் படுக்கப் போவான். வீணா ஹாசன் பக்கத்துக் கன்னடக் குடும்பம், தமிழ் இங்கே வந்து பழகியது. நர்சரி பள்ளியில் டீச்சர். ஜெசிந்தா ஹெண்ணூர் ரோட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். அவள் கவுண்டர் கண்ணாடிச் சுவரை ஒட்டி இருக்கிறது. சாயங்கால வெயில் முழுதும் அவள் முகத்தில்தான் இறங்கும்.

மங்கு இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தது. பிள்ளைப்பேறு முடிந்து, உடம்பு தேறி, கண்ணாடியில் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தபோது கன்ன எலும்பின் மேல் அது உட்கார்ந்திருந்தது. டீ சிந்தித் துடைக்காமல் விட்ட மேசை விரிப்பு மாதிரி ஒரு பழுப்பு. வலிக்காது, அரிக்காது. பார்க்கிறவர்கள் மட்டும் விட மாட்டார்கள். 'என்னம்மா, முகத்துல என்னமோ?' என்று கேட்பார்கள், கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே இவர்கள் வாய் அலுத்துப்போனது.

அப்போது இரண்டு பேரும் ஒரு கட்சி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்த சாறு ஒரு வாரம், மைசூர் பருப்பை ஊறவைத்துத் தயிரோடு அரைத்தது ஒரு வாரம், பழுத்த பப்பாளி ஒரு வாரம், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரப் பொடி ஒரு வாரம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் உண்டு. அந்த மஞ்சள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஜெசிந்தாவின் பொறுப்பில் இருந்தது. அரைத்ததைச் சரிபாதியாகப் பிரித்துப் பூசிக்கொண்டு, காயும்வரை வாயை அசைக்கக் கூடாது என்று உம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். டெல்பினா இவர்களுக்கு மங்கு சங்கம் என்று பேர் வைத்திருந்தாள். என் வீட்டு மாடியில் துணி காயப்போட ஏறும்போது நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். முகத்துப் பருப்பு உதிரும், இரண்டு பேரும் என்னைத் திட்டுவார்கள். மங்கு மட்டும் போகவில்லை. இருவருக்கும் போகவில்லை என்பதால் ஜெசிந்தாவுக்கு அது பெரிய துக்கமாகவும் இல்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் வீணா மொட்டை மாடிக்கு வருவதை நிறுத்தினாள். தலைவலி என்றாள், ஸ்கூல் வேலை என்றாள். ஜெசிந்தா தனியாகப் பூசிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் குடும்பமாக எடுத்த போட்டோவை டெல்பினா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். ஜெசிந்தா தன் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் வீணா முகத்தைப் பார்த்தாள், போனை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வீணாவின் கன்னம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டை என் கையில் கொடுக்கக்கூட மறந்து, தட்டோடு நின்றபடியே பேசினாள். வீணாவிடம் கேட்டாளாம். அவள் 'சும்னே போச்சுக்கா' என்றாளாம். கன்னடத்தில் சும்மா என்று அர்த்தம்.

"சும்மா போவுமா ராதாக்கா? எனக்கு மட்டும் ஏன் சும்மா போவல?" என்று கேட்டபோது அவள் குரலில் அழுகை இருந்தது.

நல்ல தூக்கம், நல்ல தண்ணீர் என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்பதாக இல்லை. அவள் கணக்கு வேறு. சேர்ந்து அரைத்தோம், சேர்ந்து பூசினோம், மாடிக்கு வராமல் ஒதுங்கியவளுக்குப் போய்விட்டது என்றால் அவள் வேறு எதையோ கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்ததை என்னிடமிருந்து மறைக்கிறாள். இதில் தப்பு சொல்ல முடியாது, பொறாமை இல்லாதவள்கூட இப்படித்தான் நினைப்பாள். ஆனால் பொறாமை இல்லாதவள் அதற்குப் பிறகு தூங்கிவிடுவாள்.

ஜனவரியில் டெல்பினாவுக்கும் டேரில் என்கிற பையனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதனால் ஈஸ்டர் முடிந்த கையோடு தேதி. அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பெண்ணின் அண்ணிமார் ஒரே மாதிரி பட்டுச்சேலை, ஒரே மாதிரி ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பெண்ணுக்கு இரண்டு பக்கமும் நின்று கோயில் வாசலில் இருந்து அழைத்துப் போவார்கள். போட்டோவிலும் அப்படியே நிற்பார்கள். வாடாமல்லி நிறத்தில் இரண்டு சேலை எடுத்து ஜாக்கெட் துணியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

"சேல ஒண்ணு, ஜாக்கெட் ஒண்ணு, மூஞ்சிதான் வேற" என்றாள் ஜெசிந்தா. "மொத்த ஜனமும் ரெண்டு மூஞ்சியையும் வெச்சுப் பாக்கும். அன்னிக்குள்ள எனக்குப் போயாவணும்."

ஆக அவளுக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது. சும்மாவே எரிகிறவளுக்குக் கெடு வேறு.

முதலில் அவளோடு வேலை செய்கிற ஒரு பெண் சொல்லி, மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஒரு டியூப் வாங்கினாள். பூசிய சில நாளிலேயே முகம் பளிச்சென்று ஆனது. அந்த நாட்களில் அவள் நடையே வேறு. மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு வேண்டுமென்றே வீணாவைக் கூப்பிட்டுப் பேசுவாள். பிறகு தோல் மெலிந்து சிவந்தது, அடுப்புப் பக்கம் போனாலே திகுதிகு என்று எரிந்தது. பயந்துபோய் நிறுத்தினாள். நிறுத்தியதும் மங்கு பழைய இடத்துக்கே முன்னைவிடத் தடித்து வந்து உட்கார்ந்தது. அடுத்து பியூட்டி பார்லரில் ப்ளீச். கன்னத்து முடி மட்டும் பொன்னிறமாக வெளுத்து, அதன் அடியில் மங்கு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்து நான் சிரித்துத் தொலைத்தேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா பொறுமையானவர். அந்த டியூபில் ஸ்டீராய்டு இருந்ததைச் சொல்லித் திட்டினார். மங்குக்கு முதல் எதிரி வெயில், கண்ணாடி வழியாக வருகிற வெயிலும் வெயில்தான், காலையில் சன்ஸ்கிரீன் பூசாமல் வாசல் தாண்டக் கூடாது, மத்தியானம் மறுபடி பூச வேண்டும் என்றார். ராத்திரிக்கு ஒரு க்ரீம் எழுதினார். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்றார். பிறகு, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, கருத்தடை மாத்திரை உண்டா என்று கேட்டார்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண் இவர்கள் பங்குக் கோயிலில் பாடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் இவளுடைய மாமியார் பக்கத்தில் உட்காருகிறவள்.

"அந்தப் பழக்கம்லாம் இல்ல டாக்டர்" என்றாள் ஜெசிந்தா, ஏதோ புகையிலையைப் பற்றிக் கேட்ட மாதிரி.

உண்மை என்னவென்றால், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு அவள் தினமும் அந்த மாத்திரை சாப்பிடுகிறாள். அமலுக்குத் தெரியும், அப்போது வேறு யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் நடக்கிற வகுப்பில் அது கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்த பெண்களில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பது அவரவர் வீட்டு அலமாரிக்குத்தான் தெரியும். ஜெசிந்தாவின் மாத்திரை அட்டை அந்த கஸ்தூரி மஞ்சள் டப்பாவின் அடியில், ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. பெண்கள் முகத்துக்குப் பூசுகிற டப்பாவை அந்த வீட்டில் வேறு யாரும் திறக்க மாட்டார்கள். எது மங்கை வளர்க்கிறதோ அதையும், எது போக்கும் என்று நம்பினாளோ அதையும் ஒரே டப்பாவில் வைத்து மூடியிருக்கிறாள், பாவம்.

டாக்டர் கொடுத்த க்ரீமை ஒழுங்காகப் பூசினாள், சன்ஸ்கிரீனும் பூசினாள். கொஞ்சம் வெளுத்தது, அதற்கு மேல் நகரவில்லை. மேலே வீணாவின் முகமோ நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே போனது. காலையில் வீணா பள்ளிக்குக் கிளம்பிப் படி இறங்கும் சத்தம் கேட்டால் இவள் அடுக்களை ஜன்னலுக்கு வந்துவிடுவாள். பார்க்காமல் இருக்கவும் முடியாது, பார்த்தால் வயிறு எரியும். என்ன சோப்பு என்று குழந்தையிடம் வாயைப் பிடுங்கிப் பார்த்தாள். வீணா வாங்கி வரும் பைகளை எட்டிப் பார்த்தாள். மாமியார் ஒரு நாள் விளையாட்டாக, 'மங்கு சங்கத்துல இப்ப தலைவி மட்டும்தான் பாக்கியா' என்று கேட்டுவிட்டார்.

மறுநாளே டாக்டரிடம் போய், தோலை உரித்தெடுக்கிற அந்த பீலிங்கைச் செய்தே ஆக வேண்டும் என்று நின்றாள். வெயில் காலம், கல்யாணம் முடியட்டும் என்றார் டாக்டர். இவள் விடவில்லை. லேசாக ஒன்று செய்கிறேன், ஆனால் ஒரு வாரம் வெயிலில் தலை காட்டக் கூடாது, வீட்டுக்குள்ளேயும் சன்ஸ்கிரீன் இல்லாமல் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிச் செய்து அனுப்பினார். அது ஈஸ்டருக்கு முந்திய வாரத்துச் செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. எனக்கு அவர்கள் கோயில் வழக்கமெல்லாம் எதிர்வீட்டைப் பார்த்துத்தான் தெரியும். அன்று அந்த வீட்டில் யாரும் பவுடர் போட மாட்டார்கள், எண்ணெய் வைத்துத் தலை வார மாட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்றாலே மாமியார் முறைப்பார். துக்க வீடு எப்படியோ அப்படி. அன்று காலை ஜெசிந்தா சன்ஸ்கிரீன் டியூபைக் கையில் எடுத்திருக்கிறாள். வெள்ளையாக, வாசனையாக இருக்கிற ஒரு க்ரீம். பார்க்கிறவர்களுக்கு அது மருந்தா, மேக்கப்பா? ஆண்டவர் முள்முடியோடு நடந்த நாளில் முகத்துக்குப் பூசிக்கொண்டு நடப்பதா என்று திரும்ப வைத்துவிட்டாள். அதோடு அவள் மனதுக்குள் ஒரு பேரமும் இருந்தது. இந்த ஒரு நாள் வெறும் முகத்தை அவருக்குக் கொடுத்தால், அவர் கல்யாணத்துக்குள் நல்ல முகத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

சிலுவைப்பாதை ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் வந்தது. உச்சி வெயில். நான் வாசலில் தண்ணீர்க் குடம் வைத்து வருகிறவர்களுக்கு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். வீணா மாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் வந்த ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்து, குடையைச் சாய்த்து, உள்ளே வரச் சொல்லி இடம் விட்டாள். ஜெசிந்தா பார்க்காத மாதிரி சாலையின் மறுபக்கம் நகர்ந்துகொண்டாள். அந்தக் குடையின் நிழலில் போய் நிற்பதைவிட வெயிலே மேல் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. நான் தண்ணீர் டம்ளரை நீட்டினேன், விரதம் என்று வாங்காமல் போய்விட்டாள்.

ஈஸ்டர் அன்று காலையில் அவள் கன்னங்கள் கருகியிருந்தன. உரித்த இளந்தோலில் வெயில் பட்டு, பழுப்பாக இருந்த இடமெல்லாம் கறுப்பாகி, புதிதாக நெற்றியிலும் ஒரு திட்டு. ஈஸ்டர் பூசையில் கடைசி வரிசையில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் திட்டவில்லை, குளிர்ச்சிக்கு ஒரு களிம்பு மட்டும் கொடுத்து, கல்யாணத்துக்குள் இது ஆறாது என்று சொல்லிவிட்டார். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் என்னிடம்.

அதன் பிறகுதான் அவள் அந்த வேலையைச் செய்தாள். ஒரு நாள் காலையில் வீணா டெல்பினாவோடு வளையல் வாங்கக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் போயிருந்தாள். ஜெசிந்தா மிக்ஸி ஜார் எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனாள். ஹாலில் திவானில் தியோடர் தூங்கிக்கொண்டிருந்தான். தலைமாட்டில் அவன் சட்டைகள் ஆணியில் தொங்கின. ஷேவிங் சாமான் டிவி அலமாரியில் இருந்தது. இவள் மெதுவாக அவனைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போய் வீணாவின் பீரோவைத் திறந்தாள். ரகசிய டியூபைத் தேடினாள். இவளிடம் இருக்கிற அதே சன்ஸ்கிரீன்தான் இருந்தது. ஒரு பவுடர் டப்பா. சேலைகளுக்குப் பின்னால் கையை விட்டபோது ஓர் அட்டை தட்டுப்பட்டது. எடுத்துப் பார்க்கவே தேவையில்லை, தினமும் தொடுகிற அட்டை. ஓஹோ, இவளும்தானா என்று அவளுக்கு ஒரு குஷி. முகத்துக்கு மருந்து கிடைக்கவில்லை, வீணாவை மடக்க ஒரு பிடி கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் ஹாலில் பார்த்ததையும், அந்த அட்டையில் பாதி மாத்திரை சாப்பிடாமல் நின்றிருந்ததையும் அவள் யோசிக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் இரண்டு பேரையும் ஜாக்கெட் போட்டுப் பார்க்க வரச் சொன்னேன். வீணா முதலில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். வாடாமல்லி நிறம் அவள் கன்னத்தில் பட்டு அழகாகத்தான் இருந்தது. நான் முதுகுப் பக்கம் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா மெஷின் பக்கத்து ஸ்டூலில் முக்காடோடு உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது.

"சொல்லிடு வீணா. எந்த டாக்டர்?"

"டாக்டரே இல்லக்கா."

"காது குத்தாத. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே பூசினோம். ஒனக்கு மட்டும் போச்சுன்னா எப்டி?" வீணா கண்ணாடியில் ஜாக்கெட் கழுத்தைச் சரிசெய்ததும் ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "ஒன் பீரோவுல சேலைக்குப் பின்னாடி என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும். அத்தைகிட்ட சொல்லட்டுமா?"

நான் வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்துவிட்டேன். வீணா திரும்பினாள். என் பீரோவை ஏன் திறந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது சாதாரணச் சண்டையாகப் போயிருக்கும்.

"அந்த அட்டையா? அது பாதிலயே நிக்குது, பாக்கலியா நீங்க? போன வருஷம் தவக்காலத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன்க்கா."

"ஏன் நிறுத்துனே?"

"தேவை இல்லாம போச்சு." ஜாக்கெட் கையில் குத்தியிருந்த ஊசியைத் தடவினாள். "அவரு ஹால்ல படுக்கறாரு. லீவு நாள்லயும் அங்கதான். சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. கேட்டா தூக்கம் வருதுன்றாரு. மாத்திரை நின்ன அப்புறம் இது தன்னால வெளுத்துது. எனக்கே லேட்டாதான் புரிஞ்சுது, எதனாலன்னு."

ஜெசிந்தா ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டாள்.

"நீங்க எம் மூஞ்சியப் பாத்து எரியறது எனக்குத் தெரியும்க்கா" என்றாள் வீணா. குரல் உயரவே இல்லை. "நானும் ஒங்க மூஞ்சியப் பாத்து எரிஞ்சுட்டுத்தான் இருந்தேன். ஒங்களுக்கு ஏன் போவலேன்னு நான் ஊகிக்க மாட்டேனா? ஒங்களுக்கு மாத்திரை இன்னும் தேவைப்படுது. மொட்டை மாடிக்கு வராம நின்னது அதுக்குத்தான். ஒங்க பக்கத்துல ஒக்காந்து பாக்க முடியல."

அப்புறம் ஜாக்கெட்டைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்து, தோள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜெசிந்தா தன்னுடையதைப் போட்டுப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் மெஷின் பலகையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் எழுந்து போனாள்.

எனக்கு அவளைச் சின்னக் கவுனில் நிற்கிற பெண்ணாகத்தான் நினைத்துப் பார்க்க முடிந்தது. பிறந்ததிலிருந்து யாராவது ஒருத்தி தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டாளா என்று ஏங்கியவள். கடைசியில் ஒருத்தி பட்டிருக்கிறாள், அதுவும் இந்த மங்கைப் பார்த்து. அது கிடைத்த அன்று அவள் வீட்டில் அமல் வண்டியை நிறுத்தி 'ஜெசி' என்று கூப்பிட்டபோது, இவள் வாசலுக்கு ஓடிவந்து மாடியைக் காட்டி, மெல்லப் பேசச் சொன்னாள். எதிர்வீட்டிலிருந்து நான் பார்த்தேன்.

மறுநாள் அவள் டாக்டரிடம் போனாள். உள்ளே நுழைந்ததும் கதவைத் தானே சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாளாம். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார் டாக்டர். மாத்திரைக்குப் பதிலாக வேறு வழிகள் இருக்கின்றன, பெண்கள் டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள், வெயிலையும் பார்த்துக்கொண்டால் மெல்லக் குறையும், முழுதாகப் போகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னபோது அதில் அவசரம் எதுவும் இல்லை. வீணாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பீரோ விஷயம் மாமியார் காதுக்கும் போகவில்லை.

கல்யாணத்தன்று காலையில் ஊக்கு மாட்டிவிடவும் மடிப்பு வைக்கவும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கீழ் வீட்டு அறையில் மேக்கப் போடுகிற பெண் டெல்பினாவை முடித்துவிட்டு ஜெசிந்தாவிடம் வந்தாள். தோல் இன்னும் முழுசாக ஆறவில்லை, லேசாகப் போட்டுவிடுகிறேன், கொஞ்சம் தெரிந்தால் பரவாயில்லை, போட்டோவில் அதைச் சரிசெய்துவிடுவார்கள் என்றாள். டெல்பினாவும் கண்ணாடியில் பார்த்தபடி, போதும் அண்ணி, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

"இல்ல, நல்லா மூடிடுங்க" என்றாள் ஜெசிந்தா. "ஒரு துளி தெரியக் கூடாது."

எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்று நினைத்தேன். பின்னால் நின்று ஊக்கு மாட்டிக்கொண்டே, போட்டோவில் வீணாவை ஜெயிக்க வேண்டுமா என்று காதோடு கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் தலையைத் திருப்பவில்லை. மேக்கப் பெண் ஸ்பாஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"போட்டோல எப்டி வேணா விழட்டும்க்கா. இன்னிக்கு நாள் பூரா அவ என் பக்கத்துலதானே நிக்கணும். அவ கண்ணுல இது படக் கூடாது."

மாடிப்படியில் பட்டுச்சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. ஜெசிந்தா இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றிக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தாள். மங்கு எங்கும் தெரியவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.